ஆல்பட்ராஸ் கட்சியும் சிப்பிக் கட்சியும்

காளியாயி டீச்சரின் காதில் விழும்படி ஒரு பறவையைப் பற்றியோ பூச்சியைப் பற்றியோ தப்பாகப் பேசிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. குன்றக்குடி மலையில் படியேறும்போது ஒரு பெரியவர், ஆண் மயிலின் கண்ணீரைக் குடித்துத்தான் பெண் மயில் முட்டையிடுகிறது என்று தன் வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான்கு படி மேலே போயிருந்த காளியாயி திரும்பி இறங்கி வந்து, "அப்படியெல்லாம் இல்லைங்கய்யா. கோழி மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினாள். பெரியவர் சந்நிதி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மீன்காரி "பொம்பள நண்டு டீச்சர், சதை இருக்கும்" என்றால், நண்டைப் புரட்டி வயிற்றைக் காட்டி, "நல்லாப் பாரு, ஆம்பள" என்பாள். அதனாலேயே அந்த மீன்காரி டீச்சரைக் கண்டால் நண்டுக் கூடையை மூடிவிடுவாள் என்று ஒரு பேச்சும் உண்டு.

காரைக்குடியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக விலங்கியல் நடத்துகிறாள். வயது நாற்பத்தெட்டு. பிறந்தது காளையார்கோவில் பக்கம், வாக்கப்பட்டது சாக்கோட்டைக்கு, இருப்பது கழனிவாசலில் சொந்த வீட்டில். இவ்வளவு திருத்துகிறவள் ஒன்றை மட்டும் திருத்தாமல் விட்டிருந்தாள். "வீட்டுக்காரர் எங்க டீச்சர்?" என்று யாராவது கேட்டு, பக்கத்தில் இருப்பவர் "அவுக கப்பல்ல இருக்காக" என்று பதில் சொன்னால், பேசாமல் தலையை ஆட்டிவிடுவாள்.

முத்துவீரன் கப்பலில் ஃபிட்டர் வேலை பார்த்தவர் என்பது உண்மைதான். கல்யாணமான புதிதில் பத்து மாதத்துக்கு ஒருமுறை வந்தார். மகள் சத்தியப்பிரியா பிறந்த பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது வந்து, பதினெட்டு நாள் இருந்து, அவளுக்கு ஒரு பொம்மைக் கப்பல் கொடுத்துவிட்டுப் போனவர், அப்புறம் வரவில்லை. மும்பையில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை, ஆள் சும்மாவே அப்படித்தான் என்று சிலர் சொன்னார்கள். முதல் நான்கு வருடம் காளியாயி ஃபோன் போட்டாள். எடுத்தபோது "அடுத்த காண்ட்ராக்ட் முடியட்டும்" என்றார். பிறகு எண் மாறிவிட்டது. ஆகப் பதினாறு வருடம். இப்போது முட்டி தேய்ந்து, கண்ணில் புரை விழுந்து, எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டோம் என்று சொன்ன பிறகு, தைப் பொங்கல் கழித்து சாக்கோட்டையில் அக்கா வீட்டில் வந்து இறங்கியிருந்தார்.

அந்த அக்கா அம்மாக்கண்ணுதான் புதன்கிழமை சாயங்காலம் காளியாயி வீட்டுக்கு வந்தாள். காளியாயிக்கு உலகத்தில் பயப்படுகிற ஆள் ஒருத்தி உண்டென்றால் இந்த மதினிதான். பயம் அடியில், மேலே நன்றி. பிரசவத்துக்குப் பக்கத்தில் நின்றவள், மகளுக்கு டைஃபாய்டு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் தரையில் படுத்தவள், "என் தம்பி செஞ்சது தப்பு" என்று சொந்தத்தில் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள்.

"வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு" என்றாள் மதினி, காப்பியை ஆற்றிக்கொண்டே. "நீ பள்ளிக்கூடத்துல ஏதோ பேசுறியாம்ல? அங்கனக்குள்ளயே அவனக் கூட்டியாந்துர்றேன். கேட்டுட்டு, முடிஞ்சதும் நேரா இங்குட்டு வந்துருவோம். பையோட."

"மதினி, நான் இன்னும் சரின்னு சொல்லலையே."

"நீ எதுக்குச் சொல்லணும்? அவன் வீடுதான?"

"என் வீடு மதினி."

"சரித்தா, ஒன் வீடு. நான் இல்லைங்கல. மனுசன் கண்ணு தெரியாம நிக்கிறான். தூக்கியா போட முடியும்? ஊரு என்ன சொல்லும்?" என்றவள், குரலை இறக்கி, "சத்தியாவுக்கு நாளைக்கு ஒரு இடம் வந்தா, அப்பன் எங்கன்னு கேக்க மாட்டாகளா?" என்றாள்.

காளியாயி எழுந்து கூடத்து விளக்கைப் போட்டாள். மதினிக்கு அது சம்மதமாகப் பட்டது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கருவாட்டுக் கொழம்பு வய்யி, அவனுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை பேச்சு என்று மதினி சொன்னது அறிவியல் தினப் பட்டிமன்றத்தை. காரைக்குடிக்காரர்களுக்கு எதையும் இரண்டாகப் பிரித்து எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் ஒரு நடுவரைப் போட்டால்தான் திருப்தி. இட்லியா தோசையா என்று தொடங்கி எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வகச் சுவரில் இரண்டு படம் வரைந்து மாட்டியிருந்தார்கள். ஒன்றில் ஆல்பட்ராஸ், பதினோரு அடி விரிந்த சிறகோடு தெற்குக் கடல்களின் மேல் பறக்கிற பறவை. இன்னொன்றில் சிப்பி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் ஐயா, ஊரில் எந்தப் பட்டிமன்றம் நடந்தாலும் நடுவர் நாற்காலிக்கு உரியவர், படங்களைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"கெடச்சிருச்சு! ரெண்டையும் மோத விடுவோம். வாழ்வாங்கு வாழ்வது ஆல்பட்ராஸா, சிப்பியா?"

"எப்படி ஐயா மோத விடுறது?" என்றாள் காளியாயி. "ஒண்ணுக்கு முதுகெலும்பு இருக்கு. இன்னொண்ணுக்குத் தலையே கெடயாது."

"தலை இல்லாதவுகளும் நம்ம ஊருல நல்லாத்தான டீச்சர் இருக்காக?"

"எந்தச் சிப்பின்னாவது சொல்லுங்க. ரெண்டு ஓடு உள்ள பிராணி ஒன்பதாயிரம் வகைக்கு மேல இருக்கு."

"தொண்டியில பாறையில ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்தச் சிப்பின்னு வச்சுக்கங்க. நீங்க சிப்பிக் கட்சி. ஜனனி டீச்சர் பறவைக் கட்சி." அப்புறம் தனியாக அழைத்து, "தீர்ப்பு பறவைக்குத்தான், மனசுல வச்சுக்கங்க. ஆயுசு பூரா ஒரே ஜோடி. கூட்டத்துக்கு அது பிடிக்கும். கடைசியில நான் ரெண்டு வரி பாடி முடிச்சிருவேன். தோக்குறதுக்கும் ஒரு தரமான ஆள் வேணும்ல டீச்சர்?" என்றார். பட்டிமன்றத்தில் இது ரகசியம் இல்லை, நடைமுறை. தீர்ப்பு தெரியாமல் நடுவர் எப்படிப் பாட்டைத் தயார் செய்வது?

காளியாயி தன் வழியில் தயாரானாள். மீன் வண்டிக்காரரிடம் சொல்லி ஒரு கேன் கடல் தண்ணீரும் ஓட்டோடு ஆறு உயிர்ச் சிப்பிகளும் வரவழைத்தாள். வெள்ளிக்கிழமை காலையிலேயே மேடை மேசையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகளை வைத்து, இரண்டிலும் அந்தத் தண்ணீரை ஊற்றிப் பாசியைக் கலக்கிவிட்டாள். ஒன்றில் மட்டும் சிப்பிகளை இறக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன், "இந்தப் பச்சத் தண்ணிய எதிர்க்கட்சிக்கு ஊத்திக் குடுக்கவா டீச்சர்?" என்று கேட்டார்.

மதியம் இரண்டரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் தரையில், பெற்றோர்கள் நாற்காலியில். மூன்றாவது வரிசையில் மதினி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த ஆள். கால்களுக்கு நடுவே சக்கரம் வைத்த நீலப் பெட்டி. காளியாயி ஒருமுறை பார்த்தாள். அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடி ஆனதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஜனனி இயற்பியல் டீச்சர். சின்னப் பெண், பேச்சில் பட்டாசு. "நடுவர் அவர்களே, எங்க பறவை உலகத்தையே சுத்தும். அவங்க சிப்பி ஒரு தடவ ஒட்டுன எடத்த விட்டு நகராது. எங்க தெருவுல ஒருத்தர் சோஃபாவுல உக்காந்தா அப்படித்தான்!" மண்டபம் சிரித்தது. "எங்க பறவை ஒரே ஒரு ஜோடியத் தேடிக்கும். நடனம் ஆடி, அலகோட அலகு தட்டி, பல வருஷம் பாத்துத்தான் சம்மதிக்கும். அப்புறம் சாகுற வரைக்கும் அந்த ஜோடிதான். சிப்பி என்ன பண்ணும்? தண்ணியில முட்டைய வுட்டுட்டுக் கதவ மூடிக்கும். ஆணா இருந்தது அடுத்த வருஷம் பொண்ணாவும் ஆயிரும். அதுக்குக் குடும்பமும் கெடயாது, கொள்கையும் கெடயாது!"

கைதட்டல். மதினி எல்லோரையும் விட ஓங்கித் தட்டினாள். நடுவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இந்த மன்றத்துல அந்தப் பறவைய நேர்ல பாத்தவுக யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்டார். யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துக் கேட்ட கேள்வி அது.

மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது. மதினிதான் தம்பியின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருந்தாள்.

முத்துவீரன் எழுந்து நின்றார். "பாத்திருக்கேன். கேப் டவுனத் தாண்டித் தெக்க போனா வரும்." குரல் மட்டும் அப்படியே இருந்தது. "நாலு நாளு கப்பலுக்குப் பின்னாடியே வந்துச்சு. ஒரு தடவகூட ரெக்கைய அடிக்கல. காத்து எப்படிச் சாயுதோ அதுவும் அப்படிச் சாயும். நாங்க டெக்குல வேலையப் போட்டுட்டு அதத்தான் பாத்துக்கிட்டு இருப்போம்."

பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். மதினி எழுந்து மேடையோரம் போய் நடுவரிடம் ஏதோ சொன்னாள். மீனாட்சிசுந்தரம் ஐயாவின் முகம் மலர்ந்தது.

"அடடா! இவுக யாரு தெரியுமா? நம்ம காளியாயி டீச்சர் வீட்டுக்காரரு! சிப்பிக் கட்சி வீட்டுலயே பறவைக் கட்சி! கடலெல்லாம் சுத்திட்டு, அந்த ஆல்பட்ராஸ் மாதிரியே தன் ஜோடியத் தேடித் திரும்பி வந்திருக்காக. கைதட்டுங்க!"

தட்டினார்கள். இருநூறு பிள்ளைகளும் தட்டினார்கள். காளியாயி தன் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் அந்த நீலப் பெட்டி தன் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மதினியின் வாய்க்கு மறுவாய் பேசிவிடலாம். இருநூறு பேர் தட்டிய பிறகு, யார் இல்லை என்று சொல்வது? அவள் எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நடுவர் ஐயா சொன்னதுல ஒரு தப்பு இருக்கு" என்றாள்.

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் இப்படித் தொடங்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஆல்பட்ராஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். அத எழுபத்தெட்டு நாள் அடைகாக்கணும். யாரு காக்குறது? தாயும் தகப்பனும் மாத்தி மாத்தி. ஒண்ணு உக்காந்தா இன்னொண்ணு கடலுக்குப் போகும். ஒரு வாரம், ரெண்டு வாரம் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆனா வந்துரும். வந்து, நீ எந்திரி, நான் உக்காருறேன்னு எறங்கும். குஞ்சு பொரிஞ்சதும் ரெண்டும் போய் ரெண்டும் வயித்துல தீனியோட வரும். குஞ்சு பறக்குற வரைக்கும் ஒன்பது மாசம்."

"டீச்சர்" என்று நடுவர் மெல்லக் குனிந்தார், "நீங்க சிப்பிக் கட்சி."

"தெரியும் ஐயா. நான் கட்சி மாறல. பறவையத் திட்டிச் சிப்பிய செயிக்க வைக்க வேண்டியதில்ல. ரெண்டும் நம்மளக் கேட்டுப் பொழைக்கல." அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். "நாலு நாள் கப்பல் பின்னாடி வந்துச்சுன்னு சொன்னாக. நெசம்தான். கப்பல்லேருந்து வீசுற கழிவுல மீன் கெடைக்கும்னு வரும். அஞ்சாம் நாள் எங்க போச்சுன்னு யாரும் கேக்கல. கூட்டுக்குப் போச்சு. இன்னொரு விஷயமும் ஜனனி டீச்சர் சொல்லல. போன பறவை வரவே இல்லைன்னா உக்காந்திருக்கிறது என்ன செய்யும் தெரியுமா? பசியோட பொறுத்துப் பாக்கும். ஒரு அளவுக்கு மேல எந்திரிச்சுப் போயிரும். அப்புறம் அதுபாட்டுக்குப் பொழைக்கும். ஆயுசு பூரா ஒரே ஜோடிங்கிறது ரெண்டு பேரும் வந்தாத்தான். ஒத்த ஆளு உக்காந்திருந்தா அதுக்குப் பேரு ஜோடி இல்ல."

மண்டபத்தில் பெண்கள் பக்கம் யாரோ "ஆத்தீ" என்றார்கள்.

"எங்க வீட்டுக்காரர் பதினாறு வருஷமா வரல" என்றாள் காளியாயி. குரல் நடுங்கியது, அது நடுங்கிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். "கப்பல்ல இருக்காகன்னு எல்லாரும் சொல்லுவீக. நானும் தலைய ஆட்டியிருக்கேன். அது என் தப்பு, இன்னிக்குத் திருத்திக்கிறேன். அவுகள மனுசன்னு சொல்லுங்க, ஒண்ணும் இல்ல. ஆல்பட்ராஸுன்னு சொல்லாதீக. அந்தப் பறவை எந்தப் பாவமும் பண்ணல."

முதலில் தட்டியது தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை. அப்புறம் ஜனனி, எதிர்க்கட்சி என்பதை மறந்து. நடுவர் மணியை அடிக்கக் கையை வைத்து, எடுத்துவிட்டார்.

"இப்ப என் கட்சி" என்று காளியாயி மேசைக்கு வந்தாள். "சிப்பிக்குக் கொள்கை இல்லன்னு சொன்னாக. காலையில ரெண்டு தொட்டியிலயும் ஒரே தண்ணி. பாருங்க." ஒன்று பச்சையாகக் கலங்கியே இருந்தது. இன்னொன்றில் அடியில் கிடந்த சிப்பிகளின் சொரசொரப்பு கூடத் தெரிந்தது. "நகராம இருக்குன்னா சும்மா இருக்குன்னு அர்த்தமில்ல. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு குடம் தண்ணிய உள்ள இழுத்து, வடிகட்டி வெளிய விடும். யாரும் பாத்துக் கைதட்ட மாட்டாக. ஆணா இருந்தது பொண்ணாகும்னு சிரிச்சீக. ஆகும். எனக்கு அதுல சிரிக்க ஒண்ணும் தெரியல. எம்மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தது, காய்ச்சல்ல தூக்கிட்டு ஓடுனது, காலேஜுக்குக் கையெழுத்துப் போட்டது எல்லாம் ஒரே ஆளுதான். அவ்வளவுதான் ஐயா. தீர்ப்பு நீங்க பறவைக்கே குடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

மீனாட்சிசுந்தரம் ஐயா பறவைக்கே தீர்ப்புக் கொடுத்தார். வேறு தீர்ப்புக்கு அவரிடம் பாட்டு இல்லை. ஆனால் பாட்டை இரண்டு வரிக்குப் பதில் ஒரே வரியோடு முடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் ஆட்டோ நின்றது. நீலப் பெட்டி ஏற்கெனவே உள்ளே இருந்தது. மதினி வெளியே நின்றாள். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். சண்டைக்கு அவள் அப்படித்தான் செருகுவாள்.

"ஏண்டி, என் தம்பிய ஊரக் கூட்டி வச்சு மானத்த வாங்கிட்டியே!"

"நான் கூட்டல மதினி. கூட்டியாந்தது நீங்க."

முத்துவீரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் வெளுத்திருந்தது. "விடுக்கா" என்றார். பிறகு காளியாயி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, "நீ சொன்னது சரிதான். அஞ்சாம் நாள் சாயங்காலம் கப்பல விட்டுட்டுத் திரும்பிருச்சு. தெக்கால போச்சு. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்" என்றார்.

"பாத்துமா?" என்றாள் காளியாயி.

அவர் அதற்கு ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். இந்தப் பதினாறு வருடத்தில் ஒரு காரணம், ஒரு பொய்யாவது, தயார் செய்து வைத்திருப்பார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு ஆபரேஷனுக்கு மதுரையில எந்த ஆஸ்பத்திரின்னு விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள் கடைசியில். "சத்தியாகிட்ட நீங்க வந்திருக்கிறத ஃபோன்ல சொல்லிட்டேன். பேசுறதும் பேசாததும் அவ இஷ்டம். அவளுக்கு இடம் பாக்க வர்றவுக அப்பன் எங்கன்னு கேட்டா, சாக்கோட்டையில இருக்காருன்னு நான் சொல்லிக்குவேன். வீட்டுக்கு மட்டும் வர வேணாம்."

"அப்ப நானும் வரல" என்றாள் மதினி. "இன்னிமே ஒன் வாசப்படி மிதிச்சா என்ன என்னன்னு கேளு."

இதுதான் அவள் பயந்தது. மனசுக்குள் ஏதோ ஒன்று, சரி என்று சொல்லிவிடு, ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று காளியாயியின் கையைப் பிடித்து இழுத்தது. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"உங்க இஷ்டம் மதினி. நீங்க வரலைன்னா எனக்கு ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அதுக்காக இவுகள உள்ள விட மாட்டேன்."

மதினி தம்பியை ஏற்றிவிட்டுத் தானும் ஆட்டோவில் ஏறினாள். வண்டி வளைவு திரும்பும் வரைக்கும் அவள் முகம் வெளியே திரும்பவே இல்லை.

காளியாயி ஸ்கூட்டரை எடுத்தாள். சாக்கோட்டைக்கு ஒரு பக்கம், கழனிவாசலுக்கு ஒரு பக்கம். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓரிடத்தில்கூட வண்டியைத் திருப்பவில்லை.